ஆடியில் குளிரும் ஊர்

(கண்டியில் நடந்த தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜப்பானியர்கள் பருவத்துக்குப் பருவம் உணவையும் உடையையும் மாற்றி உடம்பைக் காத்துக்கொள்ளும் முறைகளில் நமக்கு என்ன பயன் என்று பேசச் சொன்னார்கள். பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் வளாகமே ஜப்பானிய உதவியில் எழுந்ததுதான். ஆகவே அந்த நாடு நமக்கு அந்நியமில்லை. ஆனாலும் நான் ஜப்பானில் இருந்து தொடங்கப் போவதில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இருந்து தொடங்குகிறேன்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். சித்த மருத்துவமும் இந்த ஆறையும் பிடித்துக்கொண்டுதான் எப்போது எதை உண்பது, எப்போது எதை விலக்குவது என்று சொல்கிறது. இந்தக் கணக்கை மடியில் கட்டிக்கொண்டு ஓர் ஆடி மாதத்தில் நவலப்பிட்டிக்குப் போய் இறங்கிப் பாருங்கள். முதுவேனில், அதாவது கோடையின் உச்சம் என்று ஏடு சொல்லும். அங்கேயோ தென்மேல் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருக்கும். பிள்ளையைச் சுவெட்டர் போடாமல் பாடசாலைக்கு அனுப்ப மனம் வராது. பின்பனி என்று ஏடு சொல்லும் மாசி, பங்குனியிலோ பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும், கண்டி நகரில் பகல் வெப்பம் 31, 32 பாகைக்கு ஏறும்.

ஏட்டில் பிழை இல்லை. அது எழுந்த நிலம் வேறு. நம்மில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன்மார் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து வந்தவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு ஏறியவர்கள். அந்த வருகையின் 200-ஆம் ஆண்டை 2023-இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தும் பார்த்தோம். அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் காலக்கணக்கும் இருந்தது. சமவெளியின் காலக்கணக்கு அது. மலைக்கு வந்த பிறகு அதை யாரும் உட்கார்ந்து திருத்தி எழுதவில்லை. திருத்தி எழுத ஓய்வு இருந்த வாழ்க்கையா அது?

இந்த இடத்தில்தான் எனக்கு ஜப்பான் தேவைப்படுகிறது.

ஜப்பானியர்களும் காலக்கணக்கைக் கடன் வாங்கியவர்களே. சீனத்தில் இருந்து ஆண்டுக்கு 24 பருவக்கூறுகள் அவர்களுக்கு வந்தன. ஒவ்வொரு கூறையும் மூன்றாகப் பிரித்து, ஏறத்தாழ ஐந்தைந்து நாளாக, 72 சிறுபருவங்களும் வந்தன. ஒவ்வொரு சிறுபருவத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு: இந்தப் பறவை வரும், இந்தப் பூ மலரும், இன்ன பூச்சி வெளிப்படும் என்று. அடையாளங்கள் எல்லாம் சீன நிலத்துக்கு உரியவை. பல நூற்றாண்டுகள் ஜப்பானியர் அவற்றை அப்படியே ஓதிக்கொண்டிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஷிபுகாவா ஷுன்காய் என்றொரு வானியலாளர் வந்தார். வானத்தைத் தாமே அளந்து, சீனக் கணக்கு ஜப்பானுக்குப் பொருந்தவில்லை என்று காட்டினார். 1685-இல் அவருடைய புதிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதோடு நிற்காமல், அந்த 72 அடையாளங்களையும் தம் நாட்டு மண்ணில் கண்ணால் காணக்கூடியவையாக மாற்றி அமைத்தார். மூங்கில் முளை தலைகாட்டுவது எப்போது, ப்ளம் காய் மஞ்சள் பூசுவது எப்போது என்று.

அதே காலத்தவர் கைபாரா எக்கென் என்ற அறிஞர். சீன மூலிகை நூல்களையே கரைத்துக் குடித்துவிட்டு, தம் நாட்டுச் செடிகொடிகளுக்கென்று ‘யமாட்டோ ஹோன்சோ’ என்ற நூலை 1709-இல் எழுதினார். 1713-இல், எண்பது வயது கடந்த பின், ‘யோஜோகுன்’ என்ற உடல்நலக் கையேட்டை எழுதினார். வயிறு முட்ட உண்ணாதே, பருவம் மாறும் நாட்களில் எச்சரிக்கையாக இரு என்று எளிய மக்களுக்கு எளிய நடையில் சொன்ன நூல். ஜப்பானியப் பழக்கங்கள் என்று இன்று உலகம் கொண்டாடுபவற்றின் வேரில் இந்த இருவரின் துணிவு இருக்கிறது. கடன் வாங்கியதைத் தங்கள் மண்ணுக்குத் திருத்திக்கொள்ளும் துணிவு. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான். அவர்கள் குடிக்கும் தேநீரின் நிறத்தை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. தேயிலையை நாமே உலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தேயிலை நட்டதில் இருந்து அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகள் நம்முடையவை.

கணக்கு மண்ணைவிட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானிலேயே சான்று இருக்கிறது. ஆண்டின் முதல் மாதம் ஏழாம் நாள் ஏழு கீரை போட்ட அரிசிக்கஞ்சி குடிப்பது அவர்கள் வழக்கம். பண்டிகை உணவால் களைத்த வயிற்றுக்கு அது ஓய்வு. குளிர்காலம் முழுக்கப் பச்சை காணாத உடம்புக்கு முதல் பச்சை. பழைய சந்திரக் கணக்கில் அந்த நாள் பெரும்பாலும் பெப்ரவரியில் விழும். அப்போது வயல் வரப்பில் அந்தக் கீரைகள் முளைத்திருக்கும். 1873-இல் ஜப்பான் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. சடங்கு ஜனவரி 7-க்கு நகர்ந்தது, கீரை நகரவில்லை. இன்று அந்த ஏழு கீரைகளையும் பைக்குள் அடைத்துக் கடைகளில் விற்கிறார்கள். கஞ்சி நல்ல கஞ்சிதான். ஆனால் வரப்பில் குனிந்து பறித்த உறவு போய்விட்டது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு இணையான உணவு இருக்கிறது. சிங்களச் சகோதரர்கள் ‘கொலகெந்த’ என்பார்கள், நாம் இலைக்கஞ்சி என்போம். சிவப்பரிசி, தேங்காய்ப்பால், வல்லாரை அல்லது சாத்தாவாரி அல்லது கறிவேப்பிலை. கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு. பேராதனைப் பக்கம் காலையில் சூடாகக் கிடைக்கிறது. தோட்டப் பகுதியில் நம்முடைய காலைச் சாப்பாடு என்ன? கோதுமை மா ரொட்டி, கட்டச்சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி. பங்கீட்டு மா வந்த காலத்தில் பிடித்த பழக்கம். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு வசதியானதும்கூட. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மழை பிடித்த பின் லயத்தைச் சுற்றி வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தானாகத் தழைக்கும்போது, வாரத்தில் இரண்டு காலையாவது அது கலத்துக்கு வரட்டும் என்கிறேன். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மருந்து தெளித்த மலையின் ஓரத்தில் பறித்த கீரை வேண்டாம்.

ஜப்பானியர் ஒவ்வோர் உணவுக்கும் அதன் உச்சக் காலம் உண்டு என்று நம்பி, அப்போதுதான் அதைத் தேடி உண்பார்கள். கண்டிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரஹரா நெருங்கும் மாதங்களில் ரம்புட்டானும் டூரியனும் தெருவோரம் குவிகின்றன. சித்திரைக்குப் பிறகு பலாக்காய் மலிகிறது, ஈரப்பலாக்காய் வருகிறது, ஆனைக்கொய்யா கூடைகூடையாக இறங்குகிறது. கறியாகவும் அவித்தும் உண்ணும் பலாவும் ஈரப்பலாவும் கோதுமை மாவின் இடத்தில் பாதியையாவது பிடிக்கக்கூடியவை. விலையும் அப்போதுதான் குறைவு. கொள்ளைக் காலத்தில் பலாக்காய் மரத்தடியில் அழுகிக் கிடக்க, கடையில் மா வாங்கக் கடன் எழுதும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

அடுத்தது உடை. ஜூன் 1, ஒக்டோபர் 1 என்று இரண்டு நாட்களை ஜப்பானியர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் பாடசாலைச் சீருடை முதல் அலமாரித் துணி வரை கோடைக்கும் குளிருக்குமாக மாறும். உடல் தானாக நடுங்கும்வரை காத்திராமல், முன்கூட்டியே ஊரே சேர்ந்து மாறும் ஏற்பாடு. நமக்கு அதைவிட அவசரமான தேவை, ஈரத்தை எதிர்கொள்ள. வைகாசி பிறந்து தென்மேல் மழை பிடித்ததும், கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணுக்கு மேலே படங்கு, தலையில் கம்பளி. ஆனாலும் மதியத்துக்குள் உள்ளே எல்லாம் ஈரம். அந்த ஈரத்தோடே நின்று எடை போட்டு, அந்த ஈரத்தோடே மதியச் சாப்பாடு. விரலிடுக்கில் சேற்றுப்புண், காலில் அட்டைக்கடி, சொறிந்து சொறிந்து அது புண்ணாவது. வீட்டுக்கு வந்தால் துணி காய இடமில்லை. அடுப்படிக்கு மேலே கயிறு கட்டி, விறகுப் புகையில் காயப் போடுகிறோம். அந்தப் புகையை இரவு முழுக்கக் குழந்தையும் பாட்டியும் சுவாசிக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு தனி ஒரு பெண்ணின் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாற்று உடை ஒன்றை நனையாத பையில் மலைக்கே எடுத்துப் போவதும், மதிய இடைவேளையில் மாற்ற ஒதுக்கிடம் கேட்பதும், இரவில் காலைத் துடைத்து விரலிடுக்கை உலர்த்துவதும் நம்மால் ஆனவை. துணி காயவைக்கும் பொதுக் கொட்டகையும் புகைபோக்கியும் நிர்வாகத்தின் பொறுப்பு. வைகாசி பிறக்குமுன் கேட்டால்தான் ஆடிக்குள் கிடைக்கும். ஜூன் முதல் நாளில் ஜப்பானியர் சீருடை மாற்றுவது போல, மே முதல் நாளில் நாம் இதைக் கேட்டுக் கோரிக்கை கொடுக்கலாம். மே தினத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோரிக்கை வேறு என்ன?

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: நாகானோ.

நாகானோ ஜப்பானின் நடுவே உள்ள மலைமாவட்டம். கடல் இல்லை. நீண்ட பனிக்காலம். பனி மூடிய மாதங்களில் காய்கறி கிடைக்காது என்பதால் அங்குள்ளவர்கள் இலையையும் கிழங்கையும் உப்பில் ஊறவைத்து, அதை வைத்தே குளிர்காலத்தைக் கடத்தினார்கள். பருவத்துக்கு ஏற்ற பாரம்பரியம் என்றால் அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்க முடியாது. அந்தப் பாரம்பரியமே அவர்களைக் கொன்றுகொண்டும் இருந்தது. 1960-களில் பக்கவாதத்தால் இறப்போர் விகிதத்தில் நாகானோ ஜப்பானிலேயே முன்வரிசையில் நின்றது. உப்பு ஒரு காரணம், குளிர்ந்த வீடு இன்னொரு காரணம்.

அங்கே சாக்கு என்ற ஊரின் சிறு வைத்தியசாலைக்கு 1945-இல் ஓர் இளம் அறுவைச் சிகிச்சை வைத்தியர் வந்தார். பெயர் வாகாட்சுகி தோஷிகாசு. நோயாளி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போனார். விரிவுரை சொன்னால் உழவர்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று கண்டு, வைத்தியர்களும் தாதியரும் வேடம் கட்டி நாடகம் போட்டார்கள். நாடகம் பார்த்துவிட்டு ஊர்ச்சனம் பரிசோதனைக்கு வந்தது. 1959 முதல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் நோய் இருக்கிறதோ இல்லையோ, ஊர் முழுவதற்கும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை செய்தார். 1976-இல் அவருக்கு ரமன் மக்சேசே விருது கிடைத்தது.

வைத்தியர் ஒருவரால் மட்டும் நடந்த மாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். ஊர்ப் பெண்களே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, உப்பளக்கும் கருவியோடு வீடு வீடாகப் போனார்கள். அடுக்களைக்குள் நுழைந்து, ‘அக்கா, சூப்பைக் கொஞ்சம் கொடுங்கள்’ என்று வாங்கி அளந்து, அளவைச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஊறுகாயை விடு என்று சொல்லவில்லை. உப்பைக் குறைத்துப் போடு, சூப்பில் காய்கறியைக் கூட்டு, வீட்டில் ஓர் அறையையாவது குளிர்காலத்தில் சூடாக வைத்துக்கொள் என்றார்கள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்களின் சராசரி ஆயுளிலும் பெண்களின் சராசரி ஆயுளிலும் நாகானோதான் ஜப்பானில் முதலிடம்.

நம் மலைக்கும் அந்த மலைக்கும் பனியில் ஒற்றுமை இல்லை, உப்பில் உண்டு. மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறினால் நம் கை எதைத் தேடிப் போகிறது? கருவாடு, கட்டச்சம்பல், அச்சாறு, ஊறுகாய். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். கருவாட்டை வெந்நீரில் இருமுறை அலசி, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தாலே உப்பில் கணிசமான பங்கு போய்விடும். சம்பலில் உப்பைக் குறைத்துத் தேசிக்காயைக் கூட்டலாம். நம் தோட்டங்களிலும் சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள், நாடகக்காரர்களும் இருக்கிறார்கள். மாசியில் காமன் கூத்து ஆடுகிறோம். விடிய விடியச் சனம் விழித்திருந்து பார்க்கிறது. ஊரே கூடியிருக்கும் அந்த இடத்தில் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போட்டால் என்ன?

ஜப்பானியப் பழக்கம் எல்லாமே பொன் என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டாம். மார்கழிப் பக்கம், பகல் மிகக் குறுகிய நாளில், யூசு என்ற நாரத்தைப் பழத்தை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பார்கள். மணமும் சூடும் இதம்தான். ஆனால் குளிர்ந்த அறையில் உடை களைந்து சட்டென்று சுடுநீருக்குள் இறங்கும் முதியவர்கள் அங்கே ஆண்டுதோறும் இறக்கிறார்கள். அதைப் பற்றி அரசே எச்சரிக்கிறது. நமக்கு இது தலைகீழாக நடக்கிறது. தை மாதத்தில் கண்டியின் இரவு 18 பாகைக்கு அருகே இறங்குகிறது. மேல்மலைத் தோட்டங்களில் அதற்கும் கீழே. விடியலில் பீலிக்கரைக்குப் போய் உச்சந்தலையில் குளிர்நீரை அப்படியே ஊற்றிக்கொள்ளும் பழக்கம், இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு ஆபத்து. காலில் தொடங்கி மெல்ல மேலே ஊற்றுங்கள், அல்லது வெயில் ஏறிய பிறகு குளியுங்கள். தைப்பூசத்துக்கு விடியலில் குளித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கேத்தல் வெந்நீர் கலந்துகொள்ளுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

ஐப்பசி, கார்த்திகை. நம் நகரத்துக்குப் பெருமழை அப்போதுதான். இந்த இரண்டு மாதத்துக்கு ஜப்பானிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை, நம் அனுபவமே போதும். வயலில் இறங்கும் காலம், எலிக்காய்ச்சல் காலம். 2008-இல் கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கம் அது எப்படிப் பரவியது என்று வயலில் இறங்கியவர்களுக்கு நினைவிருக்கும். காலில் புண்ணோடு சேற்றில் இறங்க வேண்டாம். இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் தடுப்பு மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்; வயலில் இறங்கியபின் காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கினேன் என்று வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் டெங்கு நுளம்பு பெருகும். பீலிக்கரைப் பீப்பாய், தகரம், பழைய டயர் எல்லாம் அதன் தொட்டில். 2017-இல் நாடு முழுவதும் 1,86,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. மண்சரிவைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நம் மலைக்கு என்ன செய்தது என்பதை இங்கே சிலர் தங்கள் வீட்டு வாசலிலேயே கண்டிருக்கிறீர்கள். சுவரில் புது வெடிப்பு, ஊற்று திடீரெனக் கலங்குவது, மரம் சாய்ந்து நிற்பது: இந்த அடையாளங்களும் நம் பருவக் கணக்கில் ஏற வேண்டியவை.

மாசி, பங்குனிக்கு வேறு கவலை. காற்று அடங்கிய காலை நேரத்தில், மலைகள் சூழ்ந்த இந்தப் பள்ளத்தில் வாகனப் புகை மேலே ஏறாமல் தேங்கி நிற்கும். வாவியைச் சுற்றி நடப்பவர்கள் பாடசாலை வாகனங்கள் மொய்க்கும் நேரத்தைத் தவிர்த்தால் நல்லது. உடவத்தக்கலைக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுக்குள் மெல்ல நடந்து மனம் ஆறுவதை 1982-இல் ஜப்பான் வனத்துறை ஓர் உடல்நலப் பழக்கமாகவே அறிவித்தது. அது முதலில் நடந்த அக்காசாவா காடு இருப்பதும் நாகானோவில்தான். அம்மை பரவும் காலமும் இந்த மாசி, பங்குனியே. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் தேர் ஓடுகிறது. வேப்பிலை கட்டி, நோயாளியைத் தனியே வைத்து, வெளியார் வராமல் காத்த நம் வழக்கத்தில் பழுத்த அறிவு இருக்கிறது. தடுப்பூசியும் வைத்தியரும் சேர்ந்தால் அது முழுமை பெறும்.

இவ்வளவு சொன்ன பின்னும் இது கண்டி மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது. நவலப்பிட்டி தென்மேல் மழையில் நனையும்போது தெல்தெனியாப் பக்கம் வெயில் காயும். றங்கலைக்கும் மடுல்கலைக்கும் மார்கழியில் வடகீழ் மழை. ஷுன்காய் ஒரு நாட்டுக்குச் செய்த வேலையை நாம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய வானியல் படிக்கத் தேவையில்லை. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய அம்மாவுக்கு எந்த வாரத்தில் கொழுந்து கூடும், எந்த வாரத்தில் பனி கருக்கும், அட்டை எப்போது பெருகும், பீலி எப்போது வற்றும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த அறிவு இதுவரை எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் சித்திரையில் இருந்து, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கொப்பி கொடுங்கள். வாரம் ஒருமுறை நாலு வரி எழுதட்டும்: மழை எப்படி, எந்த மரம் பூத்தது, சந்தையில் எது மலிவு, லயத்தில் யாருக்கு என்ன நோய். முள்முருங்கை சிவந்தது எந்த வாரம் என்றும் எழுதட்டும். நோய் பற்றிய பக்கத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள், அவர் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்தித் தருவார். ஆண்டு முடிவில் ஒரு தோட்டத்துக்கு ஒரு பக்கம் என்று தொகுத்தால், அடுத்த ஆண்டு சுவரில் மாட்ட நம் மலைக்கு ஒரு நாட்காட்டி ஆயிற்று. இந்த வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்பும் ஆசிரியர்கள் வாசலில் இருக்கும் மேசையில் தோட்டத்தின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். கொப்பிகளுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.